பரந்தன் நாய்மடம்

பரந்தன் சந்தியில் இறங்கி ஜெயரூபியின் வீடு எதுவென்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. நாய்மடம் எங்கே என்று கேட்டால் கடைக்குக் கடை ஆள் எழும்பி வந்து வழி காட்டும். வாசலில் தொங்கும் பலகையில் ‘செல்லப்பிராணிகள் பராமரிப்பு நிலையம்’ என்று நீல எழுத்தில் இருக்கத்தான் செய்கிறது. அதை எழுதிக் கொடுத்த பெயின்ரரே மறுநாள் சந்தியில் நின்று நாய்மடம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். யாத்திரை போகிறவன் தங்கினால் மடம், அவனுடைய நாய் தங்கினாலும் மடந்தானே என்று அவர் கேட்டாராம். ஜெயரூபிக்கும் அதில் கோபம் இல்லை.

பெரிய இடம் ஒன்றும் இல்லை அது. வீட்டுத்திட்டத்தில் கட்டிய இரண்டறை வீடு, பின்வளவில் கம்பிவலை அடித்த சில கூடுகள், ஒரு கிணறு, இரண்டு வேம்பு. கிளிநொச்சியில் வேலை பார்க்கும் வங்கிக்காரர், ஆசிரியர், தாதிமார் என்று வெளியூர் ஆட்கள் லீவுக்கு ஊர் போகும்போது நாயைக் கொண்டுவந்து விடுவார்கள். நல்லூர்த் திருவிழாவுக்கும் மடு ஆவணித் திருநாளுக்கும் கூடுகள் நிரம்பிவிடும். சோறும் மீனும் அவித்துப் பிசைந்து வைப்பாள். சோற்றை மணந்துவிட்டு முகத்தைத் திருப்பும் பெரிய இடத்து நாய்களும் வரும். அடுத்த நாள் பசித்தவுடன் அவையும் வாலாட்டிக்கொண்டு தின்னும். நாய்கள் மேல் அவளுக்குக் கொள்ளை ஆசை என்று சொன்னால் அது பொய். நாய்கள் கதைப்பதில்லை, அது அவளுக்குப் பிடித்திருந்தது.

கதைத்துத்தான் அவள் வாழ்வு கெட்டது என்று ஊர் ஒரு காலத்தில் சொன்னது. சண்டை முடிந்து முகாமிலிருந்து வந்து குடியேறிய காலம் அது. அவளுடைய மனிசன் தர்சன் அவுஸ்திரேலியாவுக்குப் படகேற ஆயத்தப்பட்டான். வன்னியில் வெளிநாட்டுப் பயணம் என்பது போய்ச் சேர்ந்த பிறகு சொல்கிற விசயம். அதற்கு முன்னம் வாய் திறந்தால் கண்ணூறு பட்டுப் பயணம் குழம்பிவிடும் என்பார்கள். கூடப் பிறந்தவனுக்கும் சொல்லமாட்டார்கள். அன்றைக்கு அவளுக்கு வயது காணாது, சந்தோசமும் தாங்கவில்லை. கிணற்றடியில் ஒரு சிநேகிதியிடம் சொல்லிவிட்டாள். படகு கரையை விட்டுக் கிளம்பமுதலே பிடிபட்டது. இவளுடைய வாய்தான் என்று மாமியார் முற்றத்தில் நின்று மண்ணள்ளிப் போட்டா.

பிடிபட்டு மறியலில் அடைபட்டுக் கிடந்து வந்த தர்சன் ஒரு வார்த்தை ஏசவில்லை. இரண்டாந்தரம் போகும்போது அவன் ஒருவருக்கும் சொல்லவில்லை, அவளுக்குக்கூட. கிளிநொச்சிக்குப் போய்ச் சீமெந்து வாங்கிக்கொண்டு வாறன் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவன்தான். அந்தப் படகைப் பற்றி இன்றுவரை ஒரு செய்தியும் இல்லை. அவன் போன விசயமே பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். சொன்னதால் கெட்டதா, சொல்லாமல் விட்டதால் கெட்டதா என்று அவள் எத்தனையோ தரம் யோசித்துப் பார்த்திருக்கிறாள், ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை.

ஆகவே நாயைக் கொண்டுவருகிறவர்களிடம் அவள் எதையும் தோண்டித் துருவுவதில்லை. பயணம் வெளிக்கிட்டு நிற்கிறவனைப் பார்த்து எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது. தூரப் பயணமோ என்று கேட்பாள். ஓம் என்பார்கள், அல்லது கிட்டத்தான் என்பார்கள். அவ்வளவுதான் கதை. ஆனால் கண் இருக்கிறதே. திரும்பி வருகிறவர்கள் வெறும் நாயை மட்டும் கொண்டுவந்து அவிழ்த்துவிட்டு, அதுக்குக் காய்ச்சல் வரும், இதைக் கொடாதேயுங்கோ, அதைக் கொடாதேயுங்கோ என்று மூச்சுவிடாமல் புலம்பிவிட்டுப் போவார்கள். வராதவர்கள் நாயோடு அது தின்னும் கோப்பையையும் படுக்கும் துணியையும் ஊசி போட்ட அட்டையையும் சேர்த்துக் கொண்டுவருவார்கள். நாயைக் குளிப்பாட்டிக் கொண்டுவருவார்கள். அதிகம் பேசமாட்டார்கள். அப்படி வந்து நின்றுபோன நாய்கள் சில அவளிடம் இருந்தன. அவற்றுக்கு அவள் வேறு பெயர் வைக்கவில்லை, ஆசிரியர் வீட்டு நாய், தபால்காரர் வீட்டு நாய் என்றே கூப்பிட்டாள்.

போன மாரி தொடங்குவதற்குச் சற்று முன்னர் சுஜிதன் என்ற பொடியன் ஒரு மண்ணிற நாயோடு முச்சக்கரவண்டியில் வந்து இறங்கினான். கிளிநொச்சியில் ஒரு லீசிங் கொம்பனியில் வேலை, நகரத்தில் அறை எடுத்து இருந்தான். நாயின் பெயர் பிரவுணி. குளித்த ஈரம் அதன் கழுத்தில் இன்னும் காயவில்லை. அவன் கையில் ஒரு அலுமினியக் கோப்பை, நாய் படுக்கச் சுருட்டிய பழைய சாரம், ஊசி அட்டை. ஜெயரூபி எல்லாவற்றையும் பார்த்தாள். தூரப் பயணமோ தம்பி என்று கேட்டாள். கொழும்பில் கொம்பனி ட்ரெயினிங் என்றான், நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

நாய்க்குரிய காசைக் கொடுத்துவிட்டும் அவன் போகவில்லை. கடைசியில் விசயம் வெளியே வந்தது. தாய் இல்லை, அக்கராயனில் அப்பா தனியே வயல் செய்துகொண்டு இருக்கிறார். நாயை அவரிடம் விட்டால் ஊர் கேட்கும், ஏன் விட்டவன், எங்கே போறான் என்று. அவருக்கும் கொழும்பு என்றும், நாயைப் பரந்தனில் விடுகிறேன் என்றும்தான் சொல்லியிருக்கிறான். அவரிடம் இருப்பது பட்டன் போன், வெளிநாட்டிலிருந்து எடுத்தால் நீட்டு நம்பர் விழுந்து காட்டிக்கொடுத்துவிடும். அதனால் அவன் ஜெயரூபியின் வட்சப்புக்கு எடுப்பான், அப்பா நாயைப் பார்க்க வந்தால் மகன் சுகமாக இருக்கிறான் என்று அவள் சொன்னால் போதும்.

“போய்ச் சேந்த உடன நானே சொல்லுவன் அக்கா. அதுமட்டும் அவருக்குத் தெரியவேண்டாம்.”

அவள் தலையாட்டினாள். வேறொருத்தி என்றால் தம்பி, இதெல்லாம் என்னட்டை வைச்சுக்கொள்ளாதே என்று நாயைத் திருப்பிக் கொடுத்திருப்பாள். ஜெயரூபிக்கோ, பயணக்காரன் ஒருவன் தன் வாயை நம்பி வந்து நிற்கிறான் என்பதே பெரிய விசயமாக இருந்தது. அந்த நம்பிக்கையை யாரும் அவளுக்குக் கொடுத்துப் பல வருசம் ஆகியிருந்தது.

அடுத்து வந்த சனிக்கிழமை தகப்பன் வீரகத்தியர் வந்து சேர்ந்தார். அக்கராயனிலிருந்து கிளிநொச்சிக்கு ஒரு பஸ், அங்கிருந்து பரந்தனுக்கு இன்னொரு பஸ். கட்டை ஆள், வெயிலில் கறுத்துப்போன கழுத்து, தோளில் ஒரு துவாய். குளத்தில் பிடித்த யப்பான் மீன் தலைகளைப் பூவரசம் இலையில் சுற்றி நாய்க்குக் கொண்டுவந்திருந்தார். பிரவுணி அவரைக் கண்டவுடன் கம்பிவலையைப் பிய்க்கப் பார்த்தது. அதைத் திறந்துவிட்டு, அவர் வேம்பின் கீழ் கதிரையில் இருந்து மடியில் அதன் தலையை வைத்துக்கொண்டார். கூட்டைச் சுற்றி ஒருதரம் பார்த்தார். கோப்பையும் சாரமும் அங்கே கிடந்தன. சாரம் அவர் உடுத்திப் பழசானது, மகன் எடுத்துக்கொண்டு போனதாம். பிறகு இலையை அவிழ்த்து மீன் தலையை நாய்க்கு ஊட்டினார்.

மகன் போன் எடுத்தவன், சுகமாக இருக்கிறான் என்று ஜெயரூபி சொன்னாள். சந்தோசம் என்றார். காசு கொடுத்து நாயை விட்டிட்டுப் போறவன் கெதியில வருவான்தானே என்று அவரே சொல்லிக்கொண்டார். அவள் தேத்தண்ணி ஊற்றுகிறேன் என்று குசினிக்குள் போய், அடுப்பை மூட்டாமல் கொஞ்சநேரம் நின்றாள்.

அதன் பிறகு சனிக்கிழமை என்றால் வீரகத்தியர் என்று ஆகிவிட்டது. காலபோக விதைப்பு முடிந்த கையோடு வந்தபோது அவர் இடது காலை ஒரு மாதிரி வைத்து நடந்தார். வயலுக்குள் நத்தைக்கூடு வெட்டிவிட்டதாம், பெருவிரலுக்குக் கீழே, கீறல்தான் என்றார். அவருக்கு நெடுநாளாய்ச் சீனி வருத்தம், நீரிழிவுக்காரனுக்குக் கீறல் என்று ஒன்று கிடையாது. அடுத்த கிழமை கால் துணியால் சுற்றியிருந்தது. அதற்கடுத்த கிழமை செருப்புக்குள் கால் கொள்ளாமல் செருப்பின் வாரை வெட்டிவிட்டு வந்திருந்தார். பிரவுணி வழமைபோல் பாய்ந்து ஏறவில்லை. அவர் காலடியில் படுத்து, துணிக்கட்டோடு மூக்கை வைத்துக்கொண்டு, எழும்பவே மாட்டேன் என்று கிடந்தது. ஜெயரூபி தேத்தண்ணியைக் கொடுக்கக் குனிந்தபோதுதான் மணம் அவளுக்கும் பட்டது.

விசாரித்தாள். கிளினிக்கில் காட்டியாயிற்று, யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் போய்ப் படுக்கச் சொல்லித் துண்டு தந்துவிட்டார்கள் என்றார். விரலை எடுக்கவேண்டும், சுணக்கினால் மேலே ஏறும் என்று டொக்டர் விளங்கப்படுத்தினாராம். பின்னே ஏன் ஐயா இங்கே இருக்கிறியள் என்று கேட்டாள். ஆஸ்பத்திரியில் கூட நிற்க ஆள் வேண்டாமோ, பொடியன் வரட்டும், தைப்பொங்கலுக்கு வந்திடுவான் என்றார், நாயின் காதைத் தடவிக்கொண்டு. நான் வந்து நிற்கிறன் என்றாள். ஆம்பிளை வார்ட்டில் பொம்பிளையை நிற்க விடமாட்டார்கள், அதோடு உம்மட நாயளை யார் பார்க்கிறது என்று சிரித்தார். போகும்போது வாசலில் நின்று திரும்பினார்.

“பிள்ளை, தம்பி எடுத்தா காலைப் பற்றிக் கதைச்சுப்போடாதையும். அவன்ர ட்ரெயினிங் குழம்பும்.”

அதற்கும் அவள் தலையாட்டினாள். இப்படியாக ஒரு பக்கம் தகப்பனுக்குத் தெரியாத மகனின் விசயமும், மறுபக்கம் மகனுக்குத் தெரியாத தகப்பனின் விசயமும் அவளிடம் வந்து சேர்ந்தன. நாயை விட்டுவிட்டுப் போகிற மாதிரி ஆளுக்கொன்றைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள். நாய்க்காவது சோறு போட்டால் பேசாமல் படுக்கும்.

தைக்கு அவன் வரப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும், எந்தத் தைக்கும் வரப்போவதில்லை. பெரியவர் வராத ஒருவனைக் காத்துக்கொண்டு காலை அழுகவிடுகிறார். ஒரு வார்த்தை சொன்னால் போதும்: ஐயா, உங்கட மகன் வரமாட்டான், நீங்கள் நாளைக்கே போய்ப் படுங்கோ. இந்த வார்த்தையை அவள் கிணற்றடியில் நாய்களைக் குளிப்பாட்டும்போது தனக்குள் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தாள். சனிக்கிழமை வந்து அவர் கதிரையில் இருந்து, அவள் ஐயா, தம்பி வர நாள் செல்லும்போலை கிடக்கு என்று தொடங்கினால், அவர் உடனே நாயோடு கதைக்கத் தொடங்கிவிடுவார். இல்லாவிட்டால் பஸ் போயிடும் என்று துவாயை உதறிக்கொண்டு எழும்பிவிடுவார். காது மந்தமாக்கும் என்று அவள் நினைத்தாள். ஒரு மனிதர் இவ்வளவு வெள்ளந்தியாக இருப்பாரா என்று அவளுக்கு எரிச்சலும் வந்தது.

சரி, தகப்பனிடம் சொல்ல முடியாவிட்டால் மகனிடமாவது சொல்லலாம். அவனைக் கொண்டு ஒரு தரம் தகப்பனுக்கு எடுப்பித்து, உடனே போய்ப் படுங்கோ என்று சொல்லச் சொல்லலாம். முடிவெடுத்துக்கொண்டு காத்திருந்தாள். மார்கழி மழை விடாமல் பெய்த ஒரு பின்னேரம் அவன் எடுத்தான். எந்த நாடு என்று அவன் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ஒரு மாடிவீட்டில் நிறையப் பேரை அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் தெரிந்தது. பின்னால் இருமல் சத்தங்கள் கேட்டன. நாயைக் காட்டச் சொன்னான். காட்டினாள். கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அப்பா எப்படி என்று கேட்டான். அவள் வாயைத் திறந்தாள்.

“அக்கா, உண்மையைச் சொல்லுங்கோ. எனக்கு இரண்டு நாளாக் கனவு சரியில்லை. அவருக்கு ஒண்டெண்டா நான் இப்பவே திரும்பியிடுவன்.”

திரும்பியிடுவன் என்ற சொல்தான் அவளை விழுத்தியது. பாதிவழியில் ஒரு பயணம், அதைக் குழப்புகிற வாய், அந்த வாய் மறுபடியும் தன்னுடையது. மாமியார் முற்றத்தில் மண்ணள்ளிப் போட்டது கண்ணுக்குள் வந்து நின்றது. அவர் சுகமாக இருக்கிறார், வயலும் நல்லாயிருக்கு, நீர் ஒன்றுக்கும் யோசிக்காதேயும் என்றாள். அவன் பெருமூச்சு விட்டான். போனை வைத்துவிட்டு, மழைக்குள்ளே இறங்கிப் போய்க் கூடுகளின் தகரத்தை இழுத்து மூடிவிட்டு, நனைந்தபடியே அங்கே நின்று அழுதாள்.

பொங்கலுக்கு முதல் வந்த சனிக்கிழமை வீரகத்தியர் ஒரு தடியோடு வந்தார். முகம் வீங்கி மஞ்சள் பூத்திருந்தது. யப்பான் மீன் கொண்டுவரவில்லை, குளம் நிரம்பி வான் பாய்கிறது, மீன் பிடிக்கேலாது என்றார். கூட்டுக்குக் கிட்டப் போகவும் ஏலாமல் வாசல்படியிலேயே இருந்துவிட்டார். பிரவுணி அங்கே வந்து படுத்துக்கொண்டது. அன்றைக்கு ஜெயரூபி சத்தம் போட்டாள். உங்களுக்குப் புத்தியிருக்கோ ஐயா, கால் போகப்போகுது என்று அதட்டினாள். அவர் கேட்டுக்கொண்டேயிருந்துவிட்டு, தம்பி எடுத்தவனோ பிள்ளை என்று மட்டும் கேட்டார். இந்தக் கிழமை எடுக்கவில்லை என்றாள். அவர் தலை குனிந்து நாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பொங்கல் கழிந்து சில நாளில், விடிந்து நாய்களுக்குச் சோறு பிசைந்துகொண்டிருக்கும்போது, சுஜிதனின் செய்தி வந்தது. குரல் செய்தி. பின்னால் இருமல் இல்லை, அவனும் சிரித்துக்கொண்டு கதைத்தான். அக்கா, சுவிசுக்கு வந்து சேந்திட்டன், அகதியெண்டு பதிஞ்சிட்டன், இனிப் பயமில்லை, அப்பாவிட்டை நீங்களே முதல் சொல்லுங்கோ, பிறகு நான் கதைக்கிறன் என்றான். ஜெயரூபி சோற்றுக் கையோடு அப்படியே நிலத்தில் இருந்தாள். அவள் காவல் காத்த பயணம் ஒன்று போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த நேரம் அவளுக்கு வந்தது சந்தோசந்தான், அதை இல்லையென்று சொல்ல முடியாது. சனிக்கிழமை வரைக்கும் பொறுக்க அவளால் முடியவில்லை. நாய்களை அடைத்துவிட்டு, அயலில் ஒருத்தியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அக்கராயனுக்கு பஸ் ஏறினாள்.

வீடு பூட்டிக் கிடந்தது. முற்றத்தில் பொங்கல் கோலம் இல்லை. பக்கத்து வளவிலிருந்து சிவரூபி என்றொரு பெண் வேலியடிக்கு வந்து, பெரியவர் வரம்பில் விழுந்து கிடந்ததையும், காய்ச்சலில் பினாத்தியதையும், உழவு இயந்திரத்தில் ஏற்றிக் கிளிநொச்சிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து அம்புலன்சில் யாழ்ப்பாணம் அனுப்பியதையும் சொன்னா. மகனுடைய நம்பருக்கு எடுத்தால் வேலை செய்யவில்லையாம். பெத்த தகப்பனைத் திரும்பிப் பார்க்காத பொடியன் என்று சிவரூபி ஏசிக்கொண்டிருக்க, ஜெயரூபி யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

யாழ்ப்பாணத்தில் நோயாளர் பார்க்கும் நேரம் முடியும் தறுவாயில் அவள் வார்ட்டைத் தேடிப் பிடித்தாள். வீரகத்தியர் சுவர்ப் பக்கக் கட்டிலில் படுத்திருந்தார். போர்வை ஒரு பக்கம் கால்விரல் வரை மேடாக இருந்தது, மறுபக்கம் முழங்காலுக்குக் கீழே தட்டையாக இருந்தது. அவள் அந்தத் தட்டையான இடத்தைப் பார்க்காமல் இருக்க முயன்று, அதையே பார்த்தாள். அவர் கண்ணைத் திறந்து, பிரவுணிக்குச் சோறு போட்டுவிட்டோ வந்தனீர் என்று கேட்டார். போட்டுவிட்டுத்தான் வந்தேன் என்றாள். பிறகு கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

“ஐயா, தம்பி போய்ச் சேந்திட்டார்.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு பக்கமும் கண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. துடைக்கவில்லை. கொஞ்சநேரத்தில், அங்கை நல்ல குளிரோ பிள்ளை என்று கேட்டார்.

எங்கே போனவன் என்று அவர் கேட்கவில்லை, எந்தக் கொழும்பில் குளிர் என்றும் கேட்கவில்லை. ஜெயரூபி அவர் முகத்துக்குக் கிட்டக் குனிந்தாள். உங்களுக்குத் தெரியுமோ என்றாள்.

“முதல் நாளே தெரியும். என்ர சாரமும் கோப்பையும் உம்மட கூட்டுக்குள்ள கிடந்தது. கொழும்புக்குப் போறவன் அதையேன் கொண்டுவாறான்? நான் ஆஸ்பத்திரியில போய்ப் படுத்தா ஊர் எப்படியும் அவன்ர காதில போடும். சொன்னா அவன் பாதியில திரும்பியிடுவான். அவன் போய்ச் சேரட்டும் எண்டுதான் இருந்தனான்.”

அவள் நெற்றியில் அடித்துக்கொள்ளவில்லை, கத்தவுமில்லை, அது ஆஸ்பத்திரி. ஆனால் உள்ளே எரிந்தது. மகன் அப்பாவுக்காக மறைத்தான், அப்பா மகனுக்காக மறைத்தார், இருவருக்காகவும் இவள் மறைத்தாள். மூன்று பேரும் அந்த ஒரு பயணத்தைத்தான் காத்தார்கள். அவள் பேச வந்த ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் நாயோடு கதைத்தது காது மந்தத்தால் இல்லை. மழை பெய்த அந்தப் பின்னேரம் அவள் உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? அவன் திரும்பி வந்திருக்கலாம், வராமலும் இருந்திருக்கலாம். ஒரு விரலோடு போயிருக்கும். அது மட்டும் நிச்சயம்.

மணி அடித்து ஆட்களை வெளியே போகச் சொன்னார்கள். அவர் அவளுடைய கையைப் பிடித்து, காலைப் பற்றி இப்ப அவனுக்குச் சொல்ல வேண்டாம், அங்கே கேஸ் கதைத்து விசா கிடைக்கட்டும், பிறகு பார்ப்போம் என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் ஜெயரூபி கையை இழுத்துக்கொண்டாள். அவள் தலையாட்டவில்லை. அவர் அதைக் கவனிக்கவில்லை.

மாசியில் வயல் வெட்டுக்கு வந்தது, வேறு ஆட்கள்தான் வெட்டினார்கள். வீரகத்தியர் வீட்டுக்கு வந்து விறாந்தைக் கதிரையில் இருந்தார். கக்கத்தடி சுவரில் சாய்த்து வைத்தபடி இருந்தது, அதை எடுத்து நடக்க அவருக்கு இன்னும் பழகவில்லை. சிவரூபி சோறு கொண்டுவந்து கொடுத்தா. ஜெயரூபி முச்சக்கரவண்டி பிடித்து, பிரவுணியை அதன் கோப்பையோடும் சாரத்தோடும் அக்கராயனுக்குக் கொண்டுபோனாள். இனி அது இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லத்தான் போனாள். நாய் இறங்கி ஓடிப்போய் அவரிடம் முன்னங்காலைத் தூக்கி வைத்து, கீழே இறங்கி, இருக்கிற காலை மணந்தது. பிறகு இல்லாத கால் இருக்கவேண்டிய இடத்தை மணந்தது. திரும்பத் திரும்ப அந்த இடத்தை மணந்துவிட்டு, ஒரு சுற்றுச் சுற்றி, அங்கேயே படுத்துக்கொண்டது.

அந்த நேரத்தில் சுஜிதன் எடுத்தான். இப்போது ஒளிப்பில்லை, முகம் பார்த்துத்தான் கதைப்பது. ஆனால் அப்பாவிடம் வட்சப் போன் இல்லாதபடியால் ஜெயரூபி வந்தால்தான் அவனுக்கு அவருடைய முகம். வீரகத்தியர் சேட்டை இழுத்துவிட்டு, போனை வாங்கித் தன் நெஞ்சுக்கு மேலே பிடித்துக்கொண்டார். மெலிஞ்சு போட்டியள் அப்பா என்றான் அவன். வெட்டுக் காலமடா, வெயிலுக்கை நிண்டது என்றார். சேற்றுக்குள் கனநேரம் நிற்காதேயுங்கோ, கால் கவனம் என்றான் அவன். ஓமோம் என்றார் அவர். ஜெயரூபி பக்கத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்னும் எத்தனை வருசம் இப்படிப் போகும் என்று அவளுக்குத் தோன்றியது. விசா கிடைக்கும்வரை, பிறகு கார்ட் கிடைக்கும்வரை, பிறகு அவன் கலியாணம் முடிக்கும்வரை. ஒருநாள் அவரும் இல்லாமல் போவார், அதையும் யாராவது மறைப்பார்கள். சீமெந்து வாங்கப் போனவனின் சைக்கிளை மட்டும் யாரோ கொண்டுவந்து வேலியில் சாத்திவிட்டுப் போன நாள் அவளுக்கு ஞாபகம் வந்தது.

“அக்கா நிக்கிறாவோ? பிரவுணியைக் காட்டச் சொல்லுங்கோ அப்பா.”

வீரகத்தியர் அவளைப் பார்த்தார். மெல்லத் தலையை இடமும் வலமுமாக ஆட்டினார். கண்ணால் கெஞ்சினார். நாயை வேறு பக்கம் கூப்பிட்டுக் காட்டும் என்று கையால் முற்றத்தைக் காட்டினார். அவள் போனை வாங்கினாள். பிரவுணி, வா என்று ஒரு சொல் சொன்னால் நாய் எழும்பி முற்றத்துக்கு வந்திருக்கும், சொல் கேட்கிற நாய் அது.

அவள் கூப்பிடவில்லை. குனிந்து, நாய் படுத்திருந்த இடத்துக்கே போனைத் திருப்பினாள். மண்ணிற முதுகு, மடித்த வால், பக்கத்தில் ஒற்றைச் செருப்போடு ஒரு கால், மற்றப் பக்கம் முழங்காலடியில் முடிச்சுப் போட்ட சாரம். கையை அசைக்காமல் பிடித்துக்கொண்டாள்.

முதலில் அவன் பிரவுணி, பிரவுணி என்று கூப்பிட்டான். நாய் காதை நிமிர்த்தியது. பிறகு அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வரவில்லை. வீரகத்தியர் துவாயை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.